பின்சந்து சொல்லும் பாடம்

மாணவர்களைத் தேக்காவுக்கு மரபுடைமை நடைக்கு அழைத்துச் செல்லும்போது கோயில், பூக்கடை, மளிகைக்கடை என்று முன்பக்கத்தையே காட்டுகிறோம். ஒருமுறை கடைவீடுகளின் பின்சந்துக்கும் கூட்டிப் போங்களேன். இந்தச் சந்து எதுக்குன்னு கேளுங்க. "குப்பை வண்டி வர" என்பார்கள்.

பழைய கடைவீடுகள் பல முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. பின்கட்டில் கழிப்பறை, அதற்குள் ஒரு வாளி. பின்வழி இல்லாததால், மலவாளியைச் சுமப்பவர் வீட்டுக்குள்ளேயே நடந்து முன்வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 1907இல் பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் நகரின் சுகாதாரம் குறித்து அளித்த அறிக்கை, பின்சந்துகளைத் திறக்கச் சொன்னது. வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் வரும்; வாளியும் பின்பக்கமாகவே போய்விடும். பின்சுவரின் அடியில் வாளியை இழுக்க ஒரு சிறு கதவு, மாடிவீடுகளுக்குச் சில இடங்களில் வெளிப்புறச் சுழல் படிக்கட்டு என்று கட்டடமே இதற்காக மாறியது. ஆனால் வாளியைத் தூக்கும் வேலை மட்டும் மனிதனை விட்டுப் போகவில்லை. அது முற்றாக ஒழிந்தது 1987இல்தான். தாத்தா பாட்டிக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும், வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

இன்று நாம் விசையை அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடுகிறது. கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, 2003 முதல் நியூவாட்டராகவும் திரும்பி வருகிறது. பெரிய சாதனைதான். ஆனாலும் கொஞ்சம் சிறுநீரை அனுப்ப லிட்டர் கணக்கில் நல்ல தண்ணீரைக் கலந்து, பிறகு பாடுபட்டுப் பிரிக்கிறோம். கலக்காமலே விட்டால் என்ன? 2012இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அறிவித்த 'நோ-மிக்ஸ்' கழிப்பறை இதைத்தான் முயன்றது. விமானத்தில் இருப்பதுபோல் உறிஞ்சும் முறை, சிறுநீருக்கு 0.2 லிட்டர், மலத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் போதும். சிறுநீரிலிருந்து உரச்சத்து, மலத்திலிருந்து எரிவாயு.

திருச்சி மாவட்டம் முசிறியில் இதே எண்ணம் மின்சாரமே இல்லாமல் நடக்கிறது. 'ஸ்கோப்' அமைப்பின் சுப்புராமன் பரப்பிய சூழல் கழிப்பறையில் மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒரு வழி, கால் கழுவும் தண்ணீருக்குத் தனி வழி. நம்மவர்கள் தண்ணீரில் கழுவுபவர்கள் ஆயிற்றே. மலக்குழிக்குள் ஈரம் போனால் நாற்றம் வரும், மட்காது. போனபின் ஒரு கை சாம்பல் தூவ வேண்டும். குழி நிறைந்ததும் மூடிவிட்டு, பக்கத்துக் குழிக்கு மாறுவார்கள். மாதக்கணக்கில் மூடிக்கிடந்து மட்கியதை அள்ளி வயலில் போடுகிறார்கள். 2021இல் சுப்புராமனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

வகுப்பில் 'மலம்', 'எரு' என்ற இரு சொற்களையும் பலகையில் எழுதிவிட்டு, முதலாவது இரண்டாவதாக மாற என்னென்ன தேவை என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பாங்க. சிரிக்க விடுங்க.