ஊழியர் நலமே ஊர் நலம்

நுகத்தடி உராய்ந்து மாட்டின் தோளில் புண் கண்டால், அன்றைய உழவை நிறுத்தி, மருந்திட்டு, மாட்டை ஓய விடுவது நம் குடியானவர்களின் வழக்கம். புண்ணோடு ஓட்டினால் நிலமும் நேராக உழப்படாது, மாடும் படுத்துவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். வாயில்லாப் பிராணியிடம் காட்டும் இக்கரிசனத்தை, ஊருக்காக உழைக்கும் மனிதரிடம் நாம் காட்டுகிறோமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் விஷயம்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது, அதன் கையும் காலுமாக விளங்கியவர் கிராம சேவகர். 1975இல் அதே அக்டோபர் 2ஆம் நாள், நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. நம் மாநிலத்தில் 1982இல் சத்துணவுத் திட்டமும், 2021இல் வீடு தேடிச் சென்று நோயாளரைக் கவனிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் வந்தன. திட்டங்கள் பல, ஆயினும் அவை வீட்டு வாசலை எட்டுவது அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், கிராம சுகாதார செவிலியர், தூய்மைக் காவலர் ஆகியோர் வாயிலாகவேயாம்.

சோர்வு என்பது யாது?

அங்கன்வாடிப் பணியாளரை எடுத்துக்கொள்வோம். இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு உணவு பற்றியும் சுகாதாரம் பற்றியும் போதனை என ஆறு சேவைகள் அவர் மையத்தைச் சார்ந்துள்ளன. இவற்றோடு பதிவேடுகளும், கைப்பேசியில் பதிவு செய்யும் வேலையும் உண்டு. குழந்தை அழுதால் தூக்க வேண்டும். தாய் அழுதால் தேற்ற வேண்டும். தம் மனம் எந்நிலையில் இருப்பினும் பிறருக்கு முகமலர்ச்சி காட்டுவதும் இவ்வேலையின் ஒரு பகுதி. அது கணக்கில் எழுதப்படாத உழைப்பு.

இத்தகைய பணிகளில் நெடுநாள் ஈடுபட்டோர் உள்ளூர வற்றிப் போவதை, நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றிய மனநல அறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974இல் எடுத்துரைத்தார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறிற்று. ஆற்றல் வற்றிய களைப்பு ஒன்று. வேலையின்மீது வெறுப்பும் விலகலும் மற்றொன்று. செயல்திறன் குன்றுதல் மூன்றாவது. இதனை அந்நிறுவனம் நோயென்று கூறவில்லை. பணியிடத்தில் எழும் நெருக்கடி சரிவரக் கையாளப்படாததன் விளைவு என்றே கூறிற்று. ஆகவே இதற்குப் பரிகாரம் தேட வேண்டிய இடம் பணியாளரின் மனம் மட்டுமன்று. அவர் பணிபுரியும் இடமுமாம்.

இதனால் ஊருக்கு வரும் நஷ்டம் யாது? ஓர் ஊரை நினைத்துப் பார்ப்போம். மையத்தின் கூரை ஒழுகுகிறது. குடிநீர்க் குழாய் பழுதாகிப் பல வாரங்களாயின. முறையிட்டும் எவரும் வரவில்லை. முட்டை சிறிதென்று சபையிலே நாலு பேர் முன்னிலையில் பணியாளரை ஒருவர் ஏசுகிறார், தலைவரும் வாளாவிருக்கிறார். மனம் நொந்த அவர் அந்த மாதம் குழந்தைகளை எடை போடாமலே, சென்ற மாத எடையையே எழுதிவிடுகிறார். ஏட்டில் குறையேதுமில்லை. ஆனால் எடை இறங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எவர் கண்ணிலும் படாமற் போகிறது. அடுத்த மாதம் காய்ச்சல் வரும்போது அக்குழந்தையின் உடலில் அதனைத் தாங்கும் வலிமை இராது. எழுதியது தவறே, ஐயமில்லை. ஆனால் அத்தவறு முளைத்த நிலத்தை உழுதது யார் என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறு காரணங்கள்

இத்துறையில் ஆராய்ச்சி செய்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் என்னும் அறிஞர்கள் சோர்வுக்கு ஆறு வாயில்களைக் காட்டியுள்ளனர். அளவு மீறிய வேலை, தம் வேலையில் தமக்கே அதிகாரமின்மை, உழைப்புக்கேற்ற ஊதியமும் பாராட்டும் இன்மை, உடன் பணிபுரிவோரிடை உறவு கெடுதல், நியாயமின்மை, தம் மனச்சான்றுக்கு ஒவ்வாததைச் செய்ய நேர்தல் என்பன அவை. இவ்வாறனுள் ஊதியத்தை உயர்த்துவது பஞ்சாயத்தின் கையில் இல்லை. மற்றவற்றில் பஞ்சாயத்து செய்யக்கூடியது ஏராளம்.

தலைவர் செய்யத்தக்கன

முதலாவதாக, மாதம் ஒரு முறையேனும் தலைவரோ உறுப்பினரோ மையத்திற்குச் சென்று, “உங்களுக்கு இங்கே என்ன குறை?” என்று கேட்க வேண்டும். குற்றங் காணச் செல்வது வேறு. குறை கேட்கச் செல்வது வேறு. கேட்ட குறையுள் தீர்க்கக்கூடியதைத் தீர்த்து, முடியாததை ஏன் முடியவில்லையென்று சொல்லியும் விட வேண்டும். பதிலே வராத முறையீடுதான் மனத்தை மிகவும் முறிப்பது.

இரண்டாவதாக, தண்ணீர், கழிப்பிடம், மின்விளக்கு, கூரை ஆகியவை பழுதானால் காலந் தாழ்த்தாது கவனிக்க வேண்டும். நாள் முழுதும் ஒரு பெண் பணிபுரியும் இடத்தில் கழிப்பிடமின்மை சிறு குறையன்று.

மூன்றாவதாக, புகார் வந்தால் இரு தரப்பையும் தனியே விசாரிக்க வேண்டும். பாராட்டு சபையிலும், திருத்தம் தனிமையிலும் அமைவதே முறை.

நான்காவதாக, அவர்தம் பணிக்குப் புறம்பான வேலைகளைச் சுமத்தலாகாது. “எப்படியும் ஊரில்தானே இருக்கிறார்” என்று ஏவுவது நியாயமாகாது.

ஐந்தாவதாக, சட்டம் அளித்துள்ள காப்பினை எடுத்துச் சொல்ல வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை பெற உரியவர் என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண், பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் பணிபுரிபவராயினும், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். மனத்துயர் மிகுந்தவர் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

தலைவரும் மனிதரே, அவருக்கும் சோர்வு வருவது இயல்பு. சுமையை உறுப்பினரிடையே பகிர்ந்துகொள்ளும் தலைவர், பிறர் சுமையையும் எளிதில் உணர்வார்.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டுவதில்லை. சிறிது நேரமும் செவிசாய்க்கும் மனமும் போதும். வரும் வாரத்திலேயே உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வார்டிலுள்ள மையத்திற்கு ஒரு முறை சென்று, அங்குள்ளவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டு வருவார்களாக. ஊரைத் தாங்கும் தோள்களில் புண் இருப்பின், அது முதலில் அவர்கள் கண்ணிலன்றோ பட வேண்டும்!