பாரட் சிற்றாலயம்

பாரட் சிற்றாலயம் (பாரட்ஸ் சேப்பல்) அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில், பிரெடெரிக்கா என்னும் சிற்றூருக்கு அருகே உள்ள மெதடிஸ்த ஆலயம் ஆகும். இது 1780 இல் கட்டப்பட்டது. மெதடிஸ்தர் தமக்கெனக் கட்டி இன்றும் நிலைத்திருக்கும் ஆலயங்களுள் அந்நாட்டில் மிகப் பழையது இதுவே எனக் கருதப்படுகிறது. அமெரிக்க மெதடிஸ்தம் தனித் திருச்சபையாவதற்கு இங்கு நடந்த ஒரு சந்திப்பு வழிவகுத்ததால், இது 'மெதடிஸ்தத்தின் தொட்டில்' என அழைக்கப்படுகிறது.

பின்னணி

இங்கிலாந்துத் திருச்சபைக்குள் ஜான் வெஸ்லி தொடங்கிய எழுப்புதல் இயக்கமே மெதடிஸ்தம். அமெரிக்காவில் இருந்த அதன் போதகர்கள் குருப்பட்டம் பெறாதவர்கள். அவர்கள் பிரசங்கம் செய்யலாம். ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்க முடியாது. அவற்றுக்காக மக்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் குருமாரையே நாடினர்.

அமெரிக்க விடுதலைப் போர் (1775–1783) இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. குருமார் பலர் நாட்டைவிட்டு வெளியேறியதால், பல ஊர்களில் திருவிருந்து கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. 1779 இல் வர்ஜீனியாவில் கூடிய போதகர் சிலர் தாங்களே குருப்பட்டம் அளித்துக்கொண்டனர். வெஸ்லி அனுப்பிய பிரான்சிஸ் ஆஸ்பரி இதை எதிர்த்தார். இயக்கம் இரண்டாகப் பிளவுபடும் நிலை உருவானது.

கட்டடம்

ஆலயத்துக்கான நிலத்தை அவ்வூர் நிலக்கிழார் பிலிப் பாரட் வழங்கினார். இது கோபுரமற்ற, இரண்டடுக்குச் செங்கல் கட்டடம். போர் முடிந்தபின் மெதடிஸ்தர் எல்லோரும் ஒரு சோளக் குதிருக்குள் அடங்கிவிடுவர். இத்தனை பெரிய கட்டடம் எதற்கு என்று ஒருவர் ஏளனம் செய்ததாக ஒரு கதை வழங்குகிறது.

1784 சந்திப்பு

1784 செப்டம்பரில் வெஸ்லி, ரிச்சர்ட் வாட்கோட், தாமஸ் வேசி ஆகியோருக்குக் குருப்பட்டம் அளித்து, தாமஸ் கோக்கைக் கண்காணிப்பாளராக நியமித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, கோக் இவ்வாலயத்தில் பிரசங்கித்தார். ஆஸ்பரி வந்து சேர்ந்ததும் இருவரும் தழுவிக்கொண்டனர். பின்னர் நூற்றுக்கணக்கானோருக்குத் திருவிருந்து அளிக்கப்பட்டது. வாட்கோட் கிண்ணத்தை ஏந்திப் பரிமாறியது தமக்கு வியப்பளித்ததாக ஆஸ்பரி தம் நாட்குறிப்பில் எழுதினார்; வெஸ்லியின் முடிவை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

தம்மோடு ஆஸ்பரியும் கண்காணிப்பாளராக வேண்டும் என்ற வெஸ்லியின் விருப்பத்தைக் கோக் தெரிவித்தார். வெஸ்லியின் நியமனம் மட்டும் போதாது, போதகர்களின் ஒப்புதலும் வேண்டும் என்றார் ஆஸ்பரி. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த நாட்டில், திருச்சபைத் தலைமையும் கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஆணையை மட்டும் சார்ந்திருக்கலாகாது என்பதே இதன் உட்பொருள்.

விளைவு

போதகர்களை அழைக்க ஃப்ரீபார்ன் கேரட்சன் குதிரையில் அனுப்பப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று பால்டிமோரில் தொடங்கிய 'கிறிஸ்துமஸ் மாநாடு' மெதடிஸ்த எபிஸ்கோபல் திருச்சபையை நிறுவி, ஆஸ்பரியைத் தேர்ந்தெடுத்தது. இடைப்பட்ட வாரங்களில் கோக் மேற்கொண்ட பிரசங்கப் பயணத்தில், கறுப்பினப் போதகர் ஹாரி ஹோசியர் உடன் சென்றார்.

இலங்கைத் தமிழர் வரலாற்றிலும் கோக்கின் பெயர் உண்டு. அருட்பணியாளர் குழுவுடன் இலங்கைக்குப் புறப்பட்ட அவர், 1814 மே மாதத்தில் நடுக்கடலில் இறந்தார். அவருடன் வந்தவர்களே யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மெதடிஸ்தப் பணியைத் தொடங்கினர்.

இன்று

பாரட் சிற்றாலயம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது. அன்று திருவிருந்து வழங்கப்பட்ட இடத்தைத் தரையில் பதித்த ஒரு நட்சத்திரம் குறிக்கிறது.