ஏழு பேர் கையில் இருந்த உயிர்

1950களில் இரண்டு சிறுநீரகங்களும் நிரந்தரமாகக் கெட்டுவிட்டால் மருத்துவர்களிடம் ஏறக்குறைய வழியே இல்லை. டயாலிசிஸ் இயந்திரம் அப்போதே இருந்தது. நெதர்லாந்தின் கம்பென் ஊரில் வில்லெம் கோல்ஃப் 1943இலேயே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதைச் செய்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் கீறிக் குழாய் செருக வேண்டும். முடிந்தபின் அந்த இடம் மறுபடி உதவாது. சில முறைகளுக்குப் பிறகு குத்த இடமே இராது. அதனால் திடீரெனச் செயலிழந்து, சில நாட்களிலோ வாரங்களிலோ தானே தேறிவிடக்கூடிய சிறுநீரகத்துக்கு மட்டுமே அந்த இயந்திரம் பயன்பட்டது.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னரும் பொறியாளர் வேய்ன் குவின்டனும் இதற்கு வழி கண்டார்கள். டெஃப்லான் குழாய்கள் இரண்டை முன்கையிலேயே விட்டுவிடுவது. சிகிச்சை இல்லாத நேரத்தில் வெளியே இருக்கும் இரு முனைகளையும் வளைந்த ஒரு குழாயால் இணைத்துவிடுவது. ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், எளிதில் உறையாது. 1960 மார்ச் 9 அன்று கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளியின் கையில் இதைப் பொருத்தினார்கள். அதே ஆண்டு வெளியான கட்டுரைக்கு ஸ்க்ரிப்னர் குழு முதற்கட்ட அறிக்கை என்றுதான் பெயரிட்டது. சிறுநீரக மருத்துவத்தில் இத்தனை பேரை வாழவைத்த கட்டுரை வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகம். சாவின் விளிம்பில் இருந்த ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பிழைக்க வழி வந்ததும் யாரைப் பிழைக்கவைப்பது என்ற கேள்வி வந்தது. 1962இல் சியாட்டிலில் தனி டயாலிசிஸ் மையம் திறந்தபோது படுக்கைகள் மிகச் சில, நோயாளிகள் ஏராளம். மருத்துவர்கள் முதலில் வடிகட்டினார்கள். மிஞ்சியவர்களில் யாருக்கு இடம் என்பதை ஊர்க்காரர்கள் ஏழு பேர் முடிவு செய்தார்கள். வழக்கறிஞர், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் ஆகியோர் கொண்ட குழு அது. அவர்கள் பெயர் வெளியே சொல்லப்படவில்லை. பிள்ளைகள் எத்தனை, வருமானம் எவ்வளவு, படிப்பு என்ன, தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியபோது அமெரிக்கா அதிர்ந்தது. அந்த எழுவர்மேல் எனக்குக் கோபமில்லை. துணையும் சொத்தும் இல்லாதவரைப் பின்னுக்குத் தள்ளிய அளவுகோலைத்தான் ஏற்க முடியவில்லை.

வயது குறைவு என்று ஒரு பள்ளி மாணவிக்கும் இடம் மறுக்கப்பட்டது. பொறியியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாப் சில மாதங்களில் வீட்டில் வைத்து இயக்கும் சிறு இயந்திரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். 1964இல் அவள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டாள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

இன்று கையில் அந்த வெளிக்குழாய் இல்லை. 1966இல் பிரெசியா, சிமினோ குழு தமனியையும் சிரையையும் தோலுக்கடியிலேயே இணைத்த ஃபிஸ்டுலாதான் உலகெங்கும் வழக்கம். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தேர்வுக் குழுவும் இல்லை. 1972இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றிச் செலவை ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டு நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையிலேயே நோயாளி ஒருவர் டயாலிசிஸ் செய்து காட்டியிருந்தார்.

ஆனால் தேர்வு நின்றுவிடவில்லை. 2015இல் லேன்செட் இதழில் வந்த ஆய்வின் கணக்குப்படி, 2010இல் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ பெற்று உயிரோடிருந்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். அது கிடைக்காமல் இறந்திருக்கக்கூடியவர்கள் குறைந்தது 22 லட்சம் பேர். இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது ஆசியாவில்தான். இப்போது காசும் தூரமும் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. வாரம் மூன்று முறை வர வேண்டியவர் பஸ் செலவுக்கும் கூலி இழப்புக்கும் பயந்து இரண்டு முறை வருவது நம் ஊர்களில் சாதாரணம். அதனால்தான் தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றின் வழியே செய்யும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது எனக்குப் பெரிய செய்தி. அந்தப் பைகள் ஒரு மாதம்கூடத் தடைபடக் கூடாது.