சூளையில் வேகும் வடிகட்டி

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலால் பேர்பெற்ற விருத்தாசலம் பீங்கானுக்கும் பேர்பெற்ற ஊர். ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் பொம்மைகளும் அவ்வூர்ச் சூளைகளில் வெந்து வருவதை நாம் அறிவோம். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் அந்த வெண்பீங்கானுக்குக் கரிய நிறத்தில் ஓர் உறவு உண்டென்பதும், நம் வீட்டு எல்.இ.டி. விளக்கிலும் கணிப்பொறியின் மின்பெட்டியிலும் அது அடக்கமாக வேலை செய்துகொண்டிருக்கிறதென்பதும் பலர் அறியாத விஷயம்.

மின்வாரியம் நமக்கு அனுப்புவது விநாடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறிவரும் மின்சாரம். சாதனங்களுக்கு வேண்டுவதோ ஒரே திசையில் செல்வது. டையோடுகளையும் ஒரு பெரிய கண்டென்சரையும் வைத்து அதை மாற்றிக்கொள்வது பழைய வழக்கம். அப்படிச் செய்தால், மின்னழுத்தம் உச்சியைத் தொடும் சிறுபொழுதில் மட்டும் மின்னோட்டம் திடீரென்று பாய்ந்து மற்ற வேளையில் நின்றுவிடுவதால், இழுத்த மின்சாரத்தில் பயன்படும் பங்கைக் காட்டும் மின்திறன் காரணி 0.6 அளவுக்குத் தாழ்ந்து, கம்பியும் டிரான்ஸ்பார்மரும் வீணாகச் சூடேறுகின்றன. இக்குறையை நீக்க வந்ததே மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்று. அது ஒரு காயிலையும் டிரான்சிஸ்டரையும் கொண்டு விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் துண்டித்தும் இணைத்தும், மின்னழுத்தத்தின் வடிவத்தையே மின்னோட்டமும் அடியொற்றி வரும்படி செய்து, காரணியை 0.95-க்கு மேல் உயர்த்திவிடுகிறது.

அந்த அதிவேகத் துண்டிப்பே வேறோர் உபத்திரவத்துக்கும் காரணமாகிறது. துண்டிக்கும் வேகத்தின் ஒவ்வொரு மடங்கிலும் ஓர் அலை பிறந்து, வந்த கம்பி வழியே வெளியே திரும்புகிறது. 72 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று இயங்குமானால், அதன் பதின்மூன்றாம் மடங்கு சரியாக 936. நம் பக்கத்து மக்கள் திருச்சி வானொலியைக் கேட்ட மத்திய அலை அதுவே. ஒரு வீட்டு விளக்கு அடுத்த வீட்டு ரேடியோவில் சீழ்க்கையடிப்பது இவ்வாறுதான். இத்தகைய தொல்லைகளுக்கு வரம்பு வகுப்பதற்கென்றே சிஸ்பர் என்னும் சர்வதேசக் குழு 1934-இல் அமைந்தது. வீட்டுச் சாதனம் கம்பியில் விடும் இரைச்சலுக்கான கடுமையான வரம்பு 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 30 மெகாஹெர்ட்ஸ் வரை செல்கிறது. தொடக்கத்தில் அனுமதிக்கப்படுவது ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்டே.

இந்த இரைச்சலை அடக்கும் வடிகட்டி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. 65 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சுற்றில் முதல் அலை 65, அடுத்தது 130. இரண்டும் வரம்பு தொடங்குமிடத்துக்குக் கீழே நின்றுவிட, மூன்றாவதான 195-ஐத்தான் முதலில் அடக்கவேண்டும். அதை ஆயிரத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபெல், குறைக்க ஒரே அடுக்கு வடிகட்டி அமைத்தால், 1 மைக்ரோஃபாரட் கண்டென்சருடன் ஏறத்தாழ 665 மைக்ரோஹென்றி சோக் என்னும் கம்பிச்சுருள் வேண்டும். அதே அளவுக் கண்டென்சரை அடுக்குக்கு ஒன்றாக வைத்து இரண்டு அடுக்காகப் பிரித்தாலோ, கணக்கின்படி அடுக்குக்கு 21 மைக்ரோஹென்றி போதும். வேகத்தைக் கூட்டினால் எல்லாம் சிறுக்கும் என்று பொதுவாக நம்புகிறார்கள். திருத்தும் சுற்றின் காயில் சிறுக்கும் என்பது மெய்யே. ஆயினும் வேகத்தை 150-க்குச் சற்று மேலே கொண்டுபோனால், எல்லாவற்றிலும் பலமான முதல் அலையே வரம்புக்குள் வந்து நிற்பதால், வடிகட்டி முன்னிலும் பெருத்துவிடுகிறது. மறுபடி அது சிறுக்கவேண்டுமானால் வேகம் பல நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டவேண்டும். பலர் 65, 70 என்ற எல்லையிலேயே தங்கிவிடுவதன் ரகசியம் இதுதான்.

கண்டென்சரையும் மனம்போல் பெருக்க இயலாது. 230 வோல்ட்டில் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் தனக்கென்று 72 மில்லியாம்பியர் இழுப்பதால், காரணி முழுமையாகத் திருத்தப்பட்ட 20 வாட் விளக்கில் அதை வைத்தால் காரணி 0.77-க்கு இறங்கிவிடும்; திருத்த வந்த சுற்றின் பயனை அதற்குத் துணையாக வந்த வடிகட்டியே அழித்துவிடுகிறது. பூமிக்கம்பிக்கு இணைக்கும் கண்டென்சரிலோ, அளவு மீறினால் கசியும் மின்சாரம் தொடுபவரைத் தாக்கும். ஆகவே அது சில நானோஃபாரட்டோடு நின்றுவிட, மீதிப் பாரத்தை முழுதும் சோக்கே சுமக்கவேண்டியிருக்கிறது.

அந்தச் சோக்கின் உள்ளே இருப்பதுதான் முதலில் சொன்ன கரிய பீங்கான். ஃபெரைட் என்பது அதன் பெயர். 1930-இல் டோக்கியோவில் கட்டோ, டக்கெய் என்ற இரு விஞ்ஞானிகள் அதைக் கண்டறிந்தார்கள். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவற்றின் ஆக்சைடு பொடிகளைக் கலந்து, அச்சில் அழுத்தி வளையமாக்கி, ஏறத்தாழ 1300 டிகிரி உஷ்ணத்தில் வேகவைக்கிறார்கள். வளையத்தின் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் கம்பி சுற்றினால், விளக்குக்குப் போய்த் திரும்பும் மின்னோட்டத்தின் காந்தம் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ள, இரு கம்பியிலும் ஒரே திசையில் வரும் இரைச்சல் மட்டும் தடைபடுகிறது. சுண்டுவிரல் நுழையுமளவு வளையமே பெரிய வேலையைச் செய்துவிடும். மலிவான விளக்கைப் பிரித்தால், சர்க்யூட் அட்டையில் சோக்குக்கென்று ஒதுக்கிய இடம் வெறுமையாகக் கிடக்க, இரண்டு துண்டுக் கம்பிகளால் அதை இணைத்திருப்பதைச் சில சமயம் காணலாம். சில ரூபாய் மிச்சத்துக்காக ஊரார் அனைவருக்கும் இரைச்சலை விநியோகிக்கும் இச்செயல் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஃபெரைட்டை வேகவைப்பதில் மிகவும் கடினமான கட்டம் அதை ஆறவிடுவது. அப்போது சூளைக்குள் ஆக்சிஜனின் அளவு பிசகினால் காந்த குணம் கெட்டுவிடும். பொடியரைப்பதும் அச்சில் அழுத்துவதும் நெருப்பின் பக்குவமும் விருத்தாசலத்துத் தொழிலாளிக்குக் கைவந்த வித்தைகளே. காற்றின் சேர்க்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு பரீட்சைச் சூளையும் காந்தத்தை அளக்கும் கருவிகளும் அங்கே அமையுமானால், ஃபியூஸ் கட்டை செய்த கைகள் இந்த வளையத்தையும் செய்துபார்க்கலாம் என்றே நம்புகிறேன்.