கைக்குழந்தையின் காதுவலி

வடநாட்டில் குளிர்காலம் தொடங்கியதும், கைக்குழந்தையுள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு நிகழ்ச்சி அடிக்கடி நேரக் காண்கிறோம். இரண்டு மூன்று நாட்களாகச் சளியால் மூக்கடைத்திருந்த குழந்தை நள்ளிரவில் வீறிட்டு அழுகின்றது. கிடத்தினால் அழுகை மிகுகின்றது. தோளில் சாய்த்தால் சற்றே தணிகின்றது. ஆவலுடன் பாலுக்கு வாய் வைத்துவிட்டு, இரண்டு மிடறு உறிஞ்சியதும் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றது. காதை இழுப்பது மட்டும் காதுவலிக்குச் சான்றாகாது. பழக்கத்தாலும் குழந்தைகள் அவ்வாறு செய்வதுண்டு. மேற்கூறியவை கூடி வருமாயின் காதில் நோவு என்று ஐயுற இடமுண்டு.

அந்நேரத்தில் அருகில் பாட்டி இல்லை. ஊருக்குத் தொலைபேசியில் கேட்டால், பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இரண்டு சொட்டு விடு என்றோ, தாய்ப்பாலைக் காதில் பீச்சு என்றோ விடை வரும். அன்பின் மிகுதியால் வரும் இவ்வுரையை ஏற்க வேண்டா என்பதே நாம் சொல்ல விழைவது.

காரணம் காதின் அமைப்பிலேயே உள்ளது. வலி பிறக்கும் இடம் பெரும்பாலும் செவிப்பறைக்கு அப்பாலுள்ள நடுச்செவி. அதனைத் தொண்டையின் பின்புறத்தோடு இணைக்கும் சிறு குழலுக்கு, 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் யூஸ்டாக்கியின் பெயரால் யூஸ்டேஷியன் குழல் என்று பெயர். பெரியவர்களுக்கு அது நீண்டு சரிந்திருக்கும். குழந்தைகளுக்கோ குட்டையாய், ஏறக்குறையப் படுக்கை வாட்டில் இருக்கும். சளியால் அது வீங்கி அடைபட, நடுச்செவியில் நீர் தேங்கிச் சீழ் பிடித்துச் செவிப்பறையை உந்துகின்றது. வெளியிலிருந்து விடும் எண்ணெய் முழுமையான செவிப்பறையைக் கடந்து அங்கே செல்லாது. செவிப்பறையில் துளை விழுந்திருந்தாலோ, எண்ணெயும் கிருமிகளும் செல்லத் தகாத இடத்திற்கே சென்றுவிடும். சூடு மிகுந்தால் தோலும் வெந்துபோகும். தலையைத் தாழ்த்திப் பால் புகட்டினால் காதுக்குள் பால் போகும் என்று பாட்டிமார் சொல்வதில் மட்டும் உண்மை உண்டு. போகும் வழி தொண்டைப் பக்கத்து வழி. ஆதலின், புட்டிப்பால் தருவோர் குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்தே தருக.

வீட்டில் செய்யத்தக்கவை சிலவே. குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக் கொள்ளுதல். சிறிது சிறிதாக அடிக்கடி பாலூட்டுதல். தம் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்த இளஞ்சூடான துணியைக் காதின் வெளிப்புறத்தில் ஒற்றுதல். வலியைத் தணிக்கப் பாராசிட்டமால் நல்ல மருந்து: உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, 6 மணி நேரத்திற்கு ஒரு முறை. 3 மாதம் நிறையாத குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் தரலாகாது. இதில் பெரும் பிழை நேரும் இடம் ஒன்றுண்டு. சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குக் கொள்ளாது, புட்டியின் மேலுள்ளதைப் படித்த பின்னரே ஊற்றுக. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. அக்காளுக்கு வாங்கி எஞ்சிய ஆண்டிபயாட்டிக்கும் வேண்டா. சாம்பிராணிப் புகையையும் சிகரெட்டுப் புகையையும் விலக்குக. அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து.

சில வேளை அழுகை திடீரென்று அடங்கி, தலையணையில் சீழ் தென்படும். செவிப்பறை துளைபட்டு அழுத்தம் நீங்கியதன் விளைவு அது. பெரும்பாலும் தானே ஆறிவிடும். எனினும் மருத்துவரைக் காணல் வேண்டும். அதுவரை தூய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதின் வாயிலில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுக்கலாம். குச்சியோ ஊக்கோ நுழைக்கலாகாது. பழைய தில்லித் தெருக்களில் திரியும் காது சுத்தம் செய்பவரிடம் குழந்தையை நீட்டவே கூடாது.

6 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காதுநோவு என்று ஐயம் தோன்றினாலே அன்றே மருத்துவரிடம் செல்க. 3 மாதத்திற்குட்பட்டதற்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் கண்டாலோ, எவ்வயதினதாயினும் காதுக்குப் பின்புறம் வீங்கினாலோ, கழுத்து விறைத்தாலோ, குழந்தை துவண்டு பால் மறுத்தாலோ, விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். மற்றபடி இரண்டு நாளில் தணியாவிடில் காட்டுக.

மொழிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. காதுக்கு இந்தி, வங்காளி, மராத்தி, குஜராத்தி நான்கிலும் 'கான்' என்றே பெயர். இந்தியில் 'கான் மே தர்த்' என்றால் காதில் வலி, சீழ் 'பீப்'. எத்தனை நாளாய், எவ்வளவு காய்ச்சல், எந்த மருந்து எப்போது கொடுத்தோம் என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு சென்றால் மருத்துவருக்கு வேலை எளிதாகும். தடுப்பூசி அட்டையையும் உடன் கொண்டு செல்க. காதுநோவுக்குக் காரணமான கிருமிகளுள் ஒன்றைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி, 2021 முதல் நாடெங்கும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 6ஆம் வாரத்திலும் 14ஆம் வாரத்திலும் 9ஆம் மாதத்திலும் இலவசமாகப் போடப்படுகிறது. விடுபட்டிருந்தால் அன்றே கேட்டுவிடலாம்.