தேய்ந்த பகடையின் மதிப்பு

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு வெளிவந்தது. மூன்று சிறுநூல்கள் கொண்ட பெட்டி. விலை 10 டாலர். முதற்பதிப்பு 1,000 பிரதிகளே. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் மாறிப் பகடை உருட்டுவர்.

1980-களின் தொடக்கத்தில் வந்த பெட்டிகளில் பகடைகளுடன் ஒரு கிரேயானும் இருந்தது. பகடையில் பள்ளமாகப் பதிந்திருந்த எண்களை அதனால் தேய்த்து நிரப்பியபின் ஆட்டம் தொடங்கும்.

இன்று கசங்காத பழைய பெட்டிகளுக்குச் சேகரிப்போர் பெருந்தொகை தருகின்றனர். முனை மழுங்கிய பகடைக்கும், பலமுறை அழித்தெழுதிய தாளுக்கும் அவ்விலை கிடைப்பதில்லை. ஆயினும் நண்பர்கள் கூடிக் களித்த மாலைகளுக்கு அவையே சான்று. நம் வீட்டுப் பரணில் உறங்கும் விளையாட்டுப் பெட்டி எதுவாயினும், விலைபேசுமுன் ஒருமுறை திறந்து விளையாடிப் பார்ப்போம்.