வைத்தியரின் ஞாபகமும் கணனியின் ஞாபகமும்

நோய் என்பது ஒருநாட் காரியமன்று. இன்று நம்மை வருத்தும் நெஞ்சு நோவுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இரத்த அழுத்தம் வித்தாக இருக்கலாம். சிறு வயதில் உடலுக்கு ஒவ்வாது போன மருந்து, நாற்பது வயதில் உயிருக்கே உலை வைக்கலாம். ஆகவேதான் நல்ல வைத்தியர் நாடியைப் பார்க்குமுன் நமது வரலாற்றைக் கேட்கின்றார். நோயினாற் தளர்ந்த ஒருவர் தாம் உண்ட மருந்துகளையெல்லாம் பெயர் பெயராக ஒப்புவித்தல் எளிதா? மயங்கிக் கிடப்பவரிடம் எதனைக் கேட்பது? அவ்வேளையில் அவருக்காகப் பேசுவது அவருடைய பதிவேடு ஒன்றே.

அப்பதிவேடு கடதாசியில் இருத்தல் நன்றா, கணனியில் இருத்தல் நன்றா என்பது இன்று பல நாடுகளில் ஆராயப்படும் வினா. இதற்கு விடை காண, முதலில் உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியை நோக்குவோம்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆந் திகதி, கத்ரீனா என்னும் சூறாவளி ஐக்கிய அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஓர்லியன்ஸ் நகரைக் காத்து நின்ற அணைகள் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்று. அப்பிராந்தியத்திலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வெளியேறினர். வைத்தியசாலைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த கடதாசிக் கோவைகள் பல நனைந்து பாழாயின. அயலூரில் அடைக்கலம் புகுந்த நோயாளி, "வெள்ளை நிறக் குளிசை ஒன்று தினமும் போடுவேன்" என்று சொன்னால், வைத்தியர் எதனை அறிவார்? வெள்ளை நிறத்தில் எத்தனையோ குளிசைகள் உள்ளனவே!

ஆனால் ஒரு சாராருக்கு இந்த இடர் நேரவில்லை. அவர்கள் அந்நகரின் முன்னாட் படைவீரர் வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றவர்கள். அவர்களுடைய குறிப்புகள் ஏற்கனவே கணனியிற் பதியப்பட்டிருந்தன. ஏறத்தாழ 50,000 பேரின் விவரங்கள் அடங்கிய நாடாக்கள் ஹூஸ்டன் நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, சில நாட்களுள் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. வீட்டை இழந்தவர்கள் தமது நோயின் வரலாற்றை இழக்கவில்லை. ஏனைய மக்களுக்கோ, மருந்துக் கடைகளின் கணனிகளில் எஞ்சியிருந்த விவரங்களைத் திரட்டி, செப்டெம்பர் மாதத்திலேதான் வைத்தியர்கள் பார்வையிட வழி செய்யப்பட்டது.

கணனி செய்யும் உதவி காத்து வைப்பதோடு முடிவதில்லை. அது நினைவூட்டவும் செய்கிறது. இண்டியானாபொலிஸ் நகரிலே கிளெமன்ட் மக்டொனால்ட் என்னும் வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1972ஆம் ஆண்டிலேயே நோயாளர் குறிப்புகளைக் கணனியிற் பதியத் தொடங்கினர். 1976ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆய்வினை வெளியிட்டார். ஒன்பது வைத்தியர்களுக்கு, "இந்நோயாளிக்கு இப்பரிசோதனை தேவை, இம்மருந்தின் அளவைக் கவனிக்க" என்பன போன்ற குறிப்புகளைக் கணனி எழுதிக் கொடுத்தது. அவ்வாறு நினைவூட்டியபோது, கவனிக்க வேண்டியவற்றுள் நூற்றுக்கு 51 பங்கினை அவர்கள் கவனித்தனர். நினைவூட்டாதபோது 22 பங்கினையே கவனித்தனர்.

இதனால் அவ்வைத்தியர்கள் அறிவிலோ அக்கறையிலோ குறைந்தவர்கள் என்று கொள்ளலாகாது. மனித மனம் ஒரே வேளையில் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க இயலாதது. குறை அங்கேதான் இருக்கிறது என்பதே மக்டொனால்ட் கண்ட முடிவு. வாசலில் நூறு பேர் காத்திருக்க, ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்கக்கூடிய நம் நாட்டு வைத்தியருக்கும் இது பொருந்துமன்றோ?

நிற்க, நாணயத்தின் மறுபுறத்தையும் காண்போம். 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, கணனிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய நிரல் ஒன்று உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தின் 236 வைத்தியசாலைக் குழுமங்களுள் 80க்குக் குறையாதவை அதனாற் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் கைவிடப்பட்டன என மதிப்பிடப்பட்டது. பாதுகாப்புக்கான திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தும் பல கணனிகளில் அது சேர்க்கப்படாதிருந்ததே காரணம். 2018ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலே 15 லட்சம் நோயாளரின் சொந்த விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களுள் அந்நாட்டின் அன்றைய பிரதம மந்திரி லீ சியன் லூங்கும் ஒருவர். 1,60,000 பேர் பெற்ற மருந்துகளின் விவரங்களும் கள்வர் கைக்குப் போயின. ஒருவர் உண்ணும் மருந்தைக் கொண்டே அவருடைய நோயை ஊகிக்கலாம். கட்டிய மனைவிக்கும் சொல்லாத துன்பத்தை வைத்தியரிடம் சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை உடைந்தால், நோயாளி உண்மையைச் சொல்ல அஞ்சுவார். பொய்யை எழுதிய ஏடு கடதாசியில் இருந்தாலென்ன, கணனியில் இருந்தாலென்ன!

எனவே, நீருக்கு அஞ்ச வேண்டியது கடதாசி. கள்வனுக்கு அஞ்ச வேண்டியது கணனி. இரண்டுக்கும் காவல் வேண்டும்.

இலங்கையிலே நாம் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்பவர் தமது கிளினிக் கொப்பியைத் தம்மிடமே வைத்திருக்கின்றார். தாய்மார் குழந்தையின் நிறையும் தடுப்பூசியும் குறித்த பதிவேட்டைப் பேணி வருகின்றனர். இப்போது நமது வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளருக்கு இலக்கம் வழங்கிக் கணனியிற் பதியும் முறையும் வந்திருக்கிறது. புதிய முறை வந்துவிட்டதே என்று பழைய கொப்பியை எறிந்துவிடுதல் தகாது. மின்சாரம் இல்லாத நாளிலும் அது பேசும்.

ஒவ்வொரு வீட்டிலும் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்றுளது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுத்து, நோய், உண்ணும் மருந்தின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து, செய்த சத்திரசிகிச்சை, இரத்த வகை ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் தாளையும் மாற்றுங்கள். பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் இதனை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவர் ஏற்கலாம். வைத்தியசாலையிற் பெற்ற இலக்கத்தையும் அதிலே குறித்து, மழைநீர் படாத உறையிலிட்டு, எல்லோரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள். வீட்டுக்கு வெளியே உள்ளவர் கையில் அகப்படாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணனி மறவாது, ஆயினும் நாம் சொல்லாததை அது அறியாது. வைத்தியர் அறிவார், ஆயினும் மறக்கக்கூடும். இருவருக்கும் உண்மையை எடுத்துரைக்கும் கடமை நம்முடையதே.